பெனினுக்கு வேலைக்கு வருவோர் கவனத்திற்கு

மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் வேலை உறுதியாகிவிட்டதென்றால், பயணச்சீட்டில் இறங்குமிடம் கொட்டோனு என்று அச்சாகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பெனின் சிட்டி என்றிருந்தால் தவறு; அந்த நகரம் அண்டை நாடான நைஜீரியாவில் இருக்கிறது. பழைய பெனின் அரசு இருந்ததும் அங்கேதான். நீங்கள் வரும் பெனின் நாடு 1960 ஆகஸ்ட் 1 அன்று பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றபோது அதன் பெயர் தஹோமே. 1975இல்தான், கரையோரக் கடற்பகுதியான பெனின் விரிகுடாவின் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. சட்டப்படி தலைநகரம் போர்ட்டோ நோவோ என்றாலும், அரசு அலுவலகங்களில் பெரும்பாலானவையும் துறைமுகமும் விமான நிலையமும் கொட்டோனுவிலேயே உள்ளன. பரப்பளவில் நாடு தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் புறப்படாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே இதைப் போட்டுக்கொள்ள முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். ஊருக்குத் திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் இதைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். மலேரியா இங்கு ஆண்டு முழுவதும் உண்டு. காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஆங்கிலத்தை நம்பி வருவது சரிப்படாது. ஆட்சிமொழி பிரெஞ்சு, தெற்கே வீட்டிலும் சந்தையிலும் ஃபோன் (Fon) என்னும் உள்ளூர் மொழி அதிகம் புழங்குகிறது. எண்களையும் விலை பேசுவதற்கான சில சொற்றொடர்களையும் பிரெஞ்சில் பழகிக்கொண்டு வந்தால், முதல் மாதச் செலவில் நல்ல மிச்சம் தெரியும். கடையில் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் விலை கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள். எனக்கு இது புரியவே சில வாரங்கள் ஆயின. நாணயம் சேஃபா பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 என்று அதன் மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், கையில் கொண்டுவரும் பணம் யூரோவாக இருப்பது வசதி.

நகருக்குள் போய்வர ஸெமிஜான் எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்கள் உள்ளன. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். தலைக்கவசத்தை நீங்களே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சாலையோரம் கண்ணாடிப் புட்டிகளில் விற்பது நைஜீரியாவிலிருந்து கடத்தி வரப்படும் பெட்ரோல். மலிவாகக் கிடைத்தால்கூட, நிறுவன வண்டிக்கு அதை ஊற்றாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இந்தியாவின் பாசுமதி அல்லாத அரிசியைப் பெருமளவில் வாங்கும் நாடுகளில் பெனினும் ஒன்று என்பதால் புழுங்கல் அரிசி எளிதாகக் கிடைக்கிறது. வெண்டைக்காய், மிளகாய், தக்காளி, வாழை, கருணையைப் போன்ற ஒருவகைக் கிழங்கு என எல்லாம் கொட்டோனுவின் சந்தைகளில் உண்டு. புளியும் பருப்பும் கொஞ்சம் கொண்டுவந்தால் போதும். மக்காச்சோள மாவில் கிண்டும் களியும் காரமான குழம்பும்தான் இங்குள்ளவர்களின் அன்றாட உணவு. கேழ்வரகுக் களி உண்டு வளர்ந்தவர்கள் இதற்கு விரைவில் பழகிவிடுவார்கள்.

இனி வேலை. இங்கு வரும் நம்மவர்களில் பலர் முந்திரித் தொழிலை நம்பி வருகிறவர்கள். உடைக்காத முந்திரிக்கொட்டையை வாங்கி இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதே நெடுங்காலம் அந்த வேலையாக இருந்தது. ஆனால் கொட்டையை அப்படியே ஏற்றுமதி செய்வதை 2024 ஏப்ரல் முதல் அரசு தடைசெய்து, கொட்டோனுவுக்கு வடக்கே குளோ ஜிக்பேயில் உள்ள தொழிற்பேட்டையில் உடைத்துப் பருப்பாக்கும் ஆலைகளை ஊக்குவித்து வருகிறது. ஆகவே வந்த பிறகு ஏமாற்றமடையாமல் இருக்க, உங்களுக்குக் கொள்முதல் வேலையா ஆலை வேலையா, தங்குமிடம் கொட்டோனுவிலா பராக்கூவிலா, அறுவடைப் பருவம் முடிந்த பிறகும் சம்பளம் தொடருமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பராக்கூ நாட்டின் நடுப்பகுதியைத் தாண்டி வடக்கே உள்ள வணிக நகரம். அதற்கும் அப்பால், புர்க்கினா ஃபாசோ, நைஜர் எல்லைகளை ஒட்டிய பகுதிகளில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள் நடந்து வருகின்றன. கொள்முதலுக்காக அங்கே போகச் சொன்னால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதையும் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.