இம்பிரிண்டிங்: ‘பசும்பதிவு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விலங்கு நடத்தையியலின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் இம்பிரிண்டிங் (imprinting) மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. இந்த இழையில் முத்திரையிடல், பொறிப்பு, தாயுருப் பதிவு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஏதோ ஓர் இடத்தில் இடறுகின்றன.

சொல்லுக்கு முன்னால், நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். எங்கள் பாட்டி வீட்டில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பார்கள். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். கூடுதலான அந்த ஒரு வாரமும் கோழி பொறுமையாக உட்கார்ந்திருக்கும். வெளியே வந்த குஞ்சுகள் கோழிக்குப் பின்னால்தான் ஓடும். வாய்க்காலைக் கண்டதும் அத்தனையும் தண்ணீரில் இறங்கிவிடும். கோழி வரப்பில் இப்படியும் அப்படியும் ஓடிக் கத்தும். குஞ்சுகள் நீந்தி முடித்துக் கரையேறி, ஈரத்தோடு அதே கோழியின் இறக்கைக்கடியில் போய்ப் புகுந்துகொள்ளும். நீந்துவது பிறவியோடு வந்தது. ‘யார் பின்னால் போக வேண்டும்’ என்பது மட்டும் பிறந்த பிறகு கற்றது. அந்தக் கற்றலுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

இந்தக் கற்றலுக்குக் காலக்கெடு உண்டு. 1873இலேயே டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆய்வாளர் கோழிக்குஞ்சுகளின் கண்ணை மூடி வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய நான்கு நாள் கழித்துக் கண் திறந்துவிட்ட குஞ்சுகள் அவரைப் பின்தொடரவில்லை, அஞ்சி ஓடின. காட்டு வாத்துக் குஞ்சுகளுக்கு இந்த நேரம் பொரிந்ததிலிருந்து 13 முதல் 16 மணி வரை உச்சத்தில் இருக்கிறது என்று எக்கார்டு ஹெஸ் பின்னாளில் கண்டறிந்தார். விலங்கு நடத்தையியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் பின்னால் சாம்பல் வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நடக்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1935இல் அவர் இதற்கு வைத்த ஜெர்மன் சொல் ‘பிரேகுங்’. காசில் அச்சு குத்துவதைக் குறிக்கும் சொல் அது. முத்திரையிடல், பொறிப்பு இரண்டும் அந்த உவமையிலிருந்தே வந்தவை. இனி அவற்றை எடுத்துக்கொள்வோம். பொறிப்பைப் பற்றி இழையில் ஒருவர் எழுதியது:

> ‘பொறிப்பு’ என்பது சுருக்கமாகவும் பழந்தமிழ்ச் சாயலோடும் இருக்கிறது.

உண்மைதான், மீன் பொறித்த காசு என்று நாம் சொல்கிறோம். ஆனால் இந்தச் சொல் அதிகம் புழங்கப்போகும் இடமே குஞ்சு பொரிக்கும் இடம். ‘பொரித்த குஞ்சில் தாய் பொறிக்கப்பட்டது’ என்று வகுப்பில் ஆசிரியர் வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு எந்தப் பொரி, எந்தப் பொறி? பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. வேறு துறையானால் பொறிப்பையே ஏற்றிருப்பேன்.

முத்திரையிடலில் வேறு சிக்கல். முத்திரையிட ஓர் ஆள் வேண்டும். இங்கே தாய் எதையும் இடுவதில்லை. அது பாட்டுக்கு நடக்கிறது, குஞ்சு பார்க்கிறது. தவிர, மரபணுவியலிலும் இதே ஆங்கிலச் சொல் வேறு பொருளில் உண்டு. முத்திரையை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

தாயுருப் பதிவு அழகான சொல், ஆனால் சால்மன் மீனிடம் தோற்றுவிடுகிறது. ஆர்தர் ஹாஸ்லரும் அவருடைய குழுவினரும் இளம் கோஹோ சால்மன்களை மார்போலின் என்ற வேதிப்பொருளின் வாசனையில் வளர்த்து மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். வளர்ந்தபின் அவை அதே பொருளைச் சொட்டவிட்ட ஓடையைத் தேடி ஏறின. இங்கே தாயும் இல்லை, உருவும் இல்லை. மூக்கில் பதிந்த ஒரு வாசனைதான். மீன்கள் அப்போது முட்டையிலிருந்து அன்று வந்தவையும் இல்லை. அதனால் ‘முதற்பதிவு’ என்றும் சொல்ல முடியாது. போதாததற்கு அது முதற்பதிப்பு என்று காதில் விழும்.

சரி, என் முன்மொழிவு: பசும்பதிவு. ‘பசுமரத்தாணி போல’ என்று நாம் நாள்தோறும் சொல்வது இதைத்தானே? மரம் பச்சையாக இருக்கும்போதுதான் ஆணி எளிதில் இறங்கும். இறங்கியபின் மரம் அதைச் சுற்றி வளர்ந்து பிடித்துக்கொள்ளும். காலக்கெடு, நிலைத்திருத்தல் இரண்டும் அந்த ஒரே உவமையில் இருக்கின்றன. காசு உவமையில் காலக்கெடு கிடையாது. காசை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஜெர்மன் சொல்லை விட நம் மரம் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

வினையாக்கும்போது கவனம் வேண்டும். ஆங்கில அமைப்பை அப்படியே வைத்து ‘குஞ்சு லோரன்ஸ் மேல் பதிந்தது’ என்று எழுதினால், அவர் மேல் ஏறிப் படுத்ததுபோல் ஆகிவிடும். தமிழில் பதிவது எதிரில் இருப்பது. குஞ்சு அதை வாங்கிக்கொள்கிறது. ‘லோரன்ஸ் அந்தக் குஞ்சுகளுக்குப் பசும்பதிவானார்’, ‘ஓடையின் வாசனை மீனுக்குப் பசும்பதிவாகிறது’. அந்தக் குறுகிய நேரத்தைப் பசும்பதிவுக் காலம் எனலாம்.

பசும்பதிவு என்றால், பசும்பாலில் போல, மாடு நினைவுக்கு வருமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். பசும்புல், பசும்பொன் என்று சொல்லும்போது யாருக்கும் மாடு நினைவுக்கு வருவதில்லை. அப்படியும் உறுத்தினால் இளம்பதிவு என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு மறுப்பில்லை, ஆணியை இழப்போமே என்ற வருத்தம் மட்டும் உண்டு.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. தாய் ஆடு. ஈன்றதும் சில நிமிடம் குட்டியை நக்கி மோந்துவிட்டால், பிறகு பிரித்துக் கொண்டுவந்தாலும் சேர்த்துக்கொள்ளும். அந்தச் சில நிமிடத்தைக் கொடுக்காமல் உடனே பிரித்துச் சில மணி நேரம் கழித்து விட்டால், தன் குட்டியையே பெரும்பாலும் முட்டித் தள்ளும். இதையும் ஆய்வாளர்கள் இம்பிரிண்டிங் என்கிறார்கள். ஆனால் இங்கே கற்பது வளர்ந்த ஆடு, பசுமை எங்கே? தள்ளுவதை ‘குட்டியை அண்டவிடவில்லை’ என்று கேட்டிருக்கிறேன். நக்கி மோந்து தன் குட்டி என்று ஏற்றுக்கொள்வதற்கு உங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள்? ஆடு வளர்க்கும் வீட்டிலிருந்து வந்தவர்கள் எழுதுங்கள். அப்படி ஒரு சொல் கிடைத்தால், அதைத் தனிச்சொல்லாகவே பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.