‘கூசும்’ என்றவனுக்கு நான் போட்ட 1

வளரும் வயதுப் பிள்ளைகளிடம் மனசைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொன்னதை எண்ணாக மாற்றும் வேலை பார்த்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் நான்கு வருடம் ஆலோசகராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், 14, 15 வயது. பாதிக்கு மேல் தமிழ் வீடு. ஆனால் தமிழில் எழுதத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேசுவது தமிழ், எழுதுவது கன்னடமும் ஆங்கிலமும். அதனால் எழுதச் சொல்லாமல், ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்தோம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது லீஸ் (LEAS) என்ற அளவுகோலின் முறை. ஒருவர் உணர்வை எவ்வளவு நுட்பமாக அறிகிறார் என்பதை அளப்பது அது. ரிச்சர்ட் லேன், கேரி ஷ்வார்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் சொன்ன ஒரு கருத்திலிருந்து 1990இல் உருவானது. சிந்தனை படிப்படியாக வளர்வது போலத்தான் தன் உணர்வைத் தானே அறிவதும் வளர்கிறது என்பது அந்தக் கருத்து. பெரியவர்களுக்கு 20 சூழ்நிலைகள், 2005இல் பிள்ளைகளுக்காக வந்த வடிவத்தில் 12. ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்விதான்: உனக்கு எப்படி இருக்கும், எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும். வெறும் கருத்தைச் சொன்னால் 0. உடம்பைச் சொன்னால், அதாவது தலை வலிக்கும், சோர்வாக இருக்கும் என்றால், 1. ‘அடிக்கணும் போல இருக்கும்’, ‘மோசமா இருக்கும்’ என்றால் 2. கோபம், பயம், பொறாமை என்று தனி உணர்வின் பெயரைச் சொன்னால் 3. ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனி உணர்வுகளைச் சொன்னால் 4. தனக்கும் எதிராளிக்கும் இரண்டு பக்கமும் 4 வந்து, இருவர் உணர்வும் வேறு வேறாக இருந்தால் அந்தச் சூழ்நிலைக்கு 5.

எனக்கு இந்த முறை பிடித்ததற்குக் காரணம், இதில் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. பையன் பொறாமைப்பட்டால் குறைவு, சந்தோஷப்பட்டால் அதிகம் என்று இல்லை. தானே குறித்துக்கொள்ளும் கேள்வித்தாள்களும் இருக்கின்றன. நெதர்லாந்தில் உருவான ஒன்றில் 30 வாக்கியங்கள், உண்மையில்லை, சில நேரம் உண்மை, பெரும்பாலும் உண்மை என்று மூன்று கட்டம். அதே மாதிரியில் நாங்கள் ஒரு சிறிய தாள் தயார் செய்து கொடுத்துப் பார்த்தோம். ‘என் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்’ என்பதில் ஒரு பெண் மூன்றாவது கட்டத்தை அழுத்தி, பேப்பர் கிழியும் அளவுக்கு டிக் அடித்தாள். அவளையே சூழ்நிலை சொல்லிக் கேட்டபோது பன்னிரண்டுக்கும் ‘நார்மலா இருக்கும் மிஸ்’. தனக்குத் தெரியாதது எது என்பதே தெரியாதவரிடம் ‘தெரியுமா’ என்று கேட்டால் வேறு என்ன வரும்? அதனால்தான் தாளை விட்டுவிட்டுப் பேச்சுக்கு வந்தோம்.

பேச்சில் வேறு சிக்கல். முதல் வாரம் நான் ‘நீ எப்படி ஃபீல் பண்ணுவ?’ என்றுதான் கேட்டேன். எல்லாரும் பேசுகிற மாதிரி இருக்கட்டுமே என்று. பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. நம் பேச்சில் ‘ஃபீல் பண்ணாத’ என்றால் வருத்தப்படாதே என்று அர்த்தம். ‘அவன் ஃபீலிங்ஸ்ல இருக்கான்’ என்றால் சோகமாக இருக்கிறான். நான் உணர்வைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு ‘எவ்வளவு வருத்தப்படுவாய்’ என்று கேட்டிருக்கிறேன். ‘நான் ஃபீல்லாம் பண்ண மாட்டேன் மிஸ்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பையன்களுக்கெல்லாம் 0 போட்டு வைத்திருந்தேன். அத்தனையையும் தள்ளிவிட்டு, ‘உனக்கு எப்படி இருக்கும்’ என்று மறுபடி ஆரம்பித்தோம்.

அப்புறம் ‘பேஜார்’. சென்னையில் பேஜார் என்றால் தொல்லை. இங்கே பிள்ளைகள் சொல்வது கன்னடத்து பேஜார். சலிப்பு, வருத்தம், மனசு புண்பட்டது எல்லாம் அதில் அடக்கம். ‘பேஜாரா இருக்கும்’ என்பது 2ஆ, 3ஆ? நாங்கள் இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுவோம். நான் பெங்களூரிலேயே வளர்ந்தவள். கூட இருந்த தோழி திருநெல்வேலிக்காரி. அந்த ஒரு சொல்லுக்கே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ‘எந்த மாதிரி பேஜார்?’ என்று ஒருமுறை கூடுதலாகக் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். முறைப்படி பார்த்தால் அப்படித் தூண்டிக் கேட்கக் கூடாது. கேட்ட இடங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டோம்.

இப்போது அந்தப் பையன். அம்மா பொம்மனஹள்ளி பக்கம் கார்மெண்ட்ஸ் வேலை, அப்பா ஆட்டோ. ஒல்லியாக இருப்பான், பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான். நாங்கள் எழுதியிருந்த ஒரு சூழ்நிலை: பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்று சொன்ன அப்பா வரவில்லை, ராத்திரிதான் வீட்டுக்கு வருகிறார். உனக்கு எப்படி இருக்கும்? ‘வயித்துக்குள்ள என்னமோ பண்ணும் மிஸ்.’ 1 என்று எழுதினேன். சரி, அப்பாவுக்கு? ரொம்ப நேரம் பேசவில்லை. பொத்தான் கையோடு வந்துவிடுமோ என்று இருந்தது. பிறகு, ‘அவருக்கு என் மூஞ்சியப் பாக்கக் கூசும் மிஸ்’ என்றான்.

நாங்கள் தயாரித்த சொற்பட்டியலில் ‘கூச்சம்’ உணர்வுப் பக்கத்தில் இருந்தது. ‘கூசும்’ உடம்புப் பக்கத்தில் இருந்தது, பல் கூசும், கண் கூசும் என்று. பட்டியலைப் பார்த்து 1 போட்டேன். தோழி அதே பதிலுக்கு 3 போட்டிருந்தாள். ‘அதுல குற்ற உணர்ச்சி இருக்கு, வெட்கம் இருக்கு, பிள்ளை மேல பாசமும் இருக்குடி. 4 போடலாமான்னுதான் யோசிச்சேன்’ என்றாள். நான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வாதாடினேன். என் மதிப்பெண்தான் நின்றது.

நிர்வாகம் ‘குறைவாக வந்தவர்கள்’ பட்டியல் கேட்டது. இது ஆராய்ச்சிக்கான எண், ஒரு தனிப் பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஆகாது, மொழிபெயர்த்த வடிவத்தை முறையாகச் சோதிக்கவும் இல்லை என்று சொன்னேன். ஆனால் உறுதியாக மறுக்கவில்லை. கொடுத்துவிட்டேன். அது ஆசிரியர் அறைக்குப் போய், அங்கிருந்து வகுப்புக்கே போய்ச் சேர்ந்தது. ‘ஃபீலிங் இல்லாதவன்’ என்று அவனுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அவன் அம்மாவைக் கூப்பிட்டு விட்டார்கள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் விளக்க ஆரம்பித்ததும் நடுவில் நிறுத்தினார். “டீச்சர், நான் வேலை முடிஞ்சு வந்து செருப்பக் கழட்டுற சத்தத்த வெச்சே இன்னிக்கு சூப்பர்வைசர் திட்டினாரா இல்லையான்னு சொல்லிடுவான். அன்னிக்கு அவனே உலை வெச்சிடுவான், நான் ஒரு வார்த்தை சொல்ல வேணாம். இவனுக்கா தெரியலங்கறீங்க?” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவனிடமும் தனியாகக் கேட்டேன், ‘பரவால்ல மிஸ்’ என்றான். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி எனக்கு நினைவுக்கு வந்தது கல்லூரியில் படித்த தொல்காப்பியம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அதற்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் தெரிவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் பிரித்துச் சொல்கிறது. அழுகைக்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, முகம் கொடுத்துப் பேச முடியவில்லை, காது கூசுகிறது என்று உடம்பை வைத்தே நுட்பமாகப் பேசுகிற மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு, உடம்பைச் சொன்னாய் என்று கீழ்ப்படியில் இடம் கொடுத்திருக்கிறேன். அளவுகோலை உருவாக்கியவர்கள் மேல் பழி போட மாட்டேன். ‘சோர்வாக இருக்கும்’ என்பதையும் ‘முகம் பார்க்கக் கூசும்’ என்பதையும் ஒரே வரிசையில் வைத்தது எங்கள் பட்டியல்தான்.

பட்டியலைக் கலைத்து மறுபடி எழுத மூன்று மாதம் ஆனது. இப்போது உடம்புச் சொல் வந்தால், அது யாரைப் பார்த்து, எதற்காக என்று கவனிக்கிறோம். ‘தலை வலிக்கும்’ 1தான். ‘அவனைப் பார்த்தால் வயிறு எரியும்’ என்பது பொறாமை, அதற்கு 3. ரோஷம், வீம்பு, ஆதங்கம், ஏக்கம், மனத்தாங்கல் ஒவ்வொன்றும் தனி உணர்வாகப் போய்விட்டது. ‘கடுப்பு’, ‘காண்டு’ இரண்டுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. தனி ஒரு பிள்ளையின் எண்ணை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை, கேட்க மாட்டோம் என்று நிர்வாகத்திடம் எழுதியே வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறோம்.

தாராவியிலோ டெல்லியிலோ தமிழ்ப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டவர்கள் இருந்தால், அவர்கள் வாயிலிருந்து வந்த சொல்லை வந்தபடியே இங்கே போடுங்கள். முக்கியமாகப் பையன்கள் சொன்னது. மராத்தி, இந்தி கலந்து வந்தாலும் பரவாயில்லை, யாரைப் பற்றிச் சொல்லும்போது வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.