கார் தளத்தைத் தூக்கும் வேர்: வெட்டினால் மரம் தாங்குமா?

நிழல்விரும்பி:
கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை கான்கிரீட் தளம் போட்டிருக்கிறோம். அதன் ஓரத்திலிருந்து 5 அடி தள்ளி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், நெஞ்சு உயரத்தில் கயிறு சுற்றி அளந்தால் சுற்றளவு 6 அடி வருகிறது. முதலில் மயிரிழை விரிசலாகத்தான் இருந்தது, இப்போது ஒரு பக்கம் நாலு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, காரின் அடிப்பாகம் உரசுகிறது, வயதானவர்கள் இருட்டில் தடுக்கி விழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தளத்தை உடைத்து, வேரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார் மேஸ்திரி. மரத்தை இழக்க வீட்டில் யாருக்கும் மனசில்லை. என்ன செய்யலாம்?

கடப்பாரை:
மேஸ்திரி சொல்வதைச் செய்யுங்கள். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஒரு வேர் போனால் ஒன்றும் ஆகாது. வெட்டிய வாயில் மயில்துத்தத்தையோ ஆசிட்டையோ ஊற்றிவிட்டால் மறுபடி துளிர்க்காது.

மண்வாசம்:
ஆசிட், மயில்துத்தம், உப்பு எதையும் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. மயில்துத்தத்தில் இருக்கிற செம்பு மண்ணிலேயே தங்கிவிடும், சுற்றியுள்ள மற்ற செடிகளையும் மண்புழுவையும் சேர்த்துக் கெடுக்கும். ஆசிட் பட்டால் கான்கிரீட்டும் அரிக்கும்.

வெட்டுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். சுற்றளவு 6 அடி என்றால் அடிமரத்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 2 அடி. அதைப்போல மூன்று மடங்கு தூரத்துக்குள், அதாவது 6 அடிக்குள் இருக்கிற பருத்த வேர்கள்தான் மரத்தைத் தாங்கி நிற்பவை, அவற்றில் கைவைக்கக் கூடாது. ஐந்து மடங்கு, 10 அடி, தள்ளி வெட்டினால் ஓரளவு நிம்மதி. உங்கள் தளமோ 5 அடியிலேயே தொடங்குகிறது. அந்த ஓரத்தில் மேஸ்திரி நேர்கோட்டில் பள்ளம் எடுத்தால் ஒரு வேரோடு நிற்காது, அந்தப் பக்கத்துப் பிடிமானமே போய்விடும். உடனே ஒன்றும் தெரியாது, இலைகூட வாடாமல் இருக்கலாம். அப்புறம் மண் ஊறிக் கிடக்கும்போது பலத்த காற்று அடித்தால் வெட்டுப்படாத பக்கமாக, சில நேரம் வீட்டின் மேலேயே, சாயும்.

தளத்துக்கு அடியில் வேர் ஏன் போகிறது என்றால், கான்கிரீட்டின் அடிப்புறம் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடுகிறது. கெட்டித்த மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் லேசான இடைவெளியும் காற்றும் இருக்கும். வேருக்கு வேண்டியது அதுதான். நுழையும்போது நூல் மாதிரி இருக்கும், பிறகு வருஷா வருஷம் பருத்துத் தளத்தை நெம்புகிறது. அதனால் வெட்டிவிட்டு அதே மாதிரி தளம் போட்டால் புது வேர் அதே வழியில் மறுபடி வரும்.

தளம்மாற்றி:
மேலே சொன்னது சரி. மரத்தை விட்டுவிட்டுத் தளத்தை மாற்றுங்கள். தூக்கின பகுதியை மட்டும் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து எடுங்கள், இயந்திரம் வேண்டாம், அது வேரை நாராகப் பிய்த்துவிடும். வேர் தெரிந்ததும் மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். கட்டைவிரல் பருமனுக்குள் இருப்பவற்றைக் கூரான ரம்பத்தால் ஒரே சீராக அறுத்துவிடலாம், வெட்டுவாயில் பெயின்ட் எதுவும் பூச வேண்டியதில்லை. அதைவிடப் பருமனாக இருந்தால் விட்டுவிடுங்கள், மேல்பக்கம் செதுக்கவும் வேண்டாம், அந்தக் காயத்தின் வழியாக அழுகல் உள்ளே போகும்.

பிறகு தூள் கலக்காத பெரிய ஜல்லியை 10 முதல் 15 செ.மீ. பரப்புங்கள். ஜல்லிக்கு நடுவில் ஈரம் தங்காததால் வேர் அதற்குள் ஓடாமல் கீழே இறங்கப் பார்க்கும். அதன்மேல் மணல் ஜல்லிக்குள் இறங்காமல் தடுக்கும் துணிவிரிப்பு (ஜியோடெக்ஸ்டைல்), மெல்லிய மணல், பேவர் பிளாக். தளம் கொஞ்சம் உயரும், கேட் பக்கமாகச் சரிவு கொடுத்தால் கார் உரசாது. பின்னால் எப்போதாவது தூக்கினாலும் நாலு கல்லைக் கழற்றிச் சமன் செய்து மறுபடி அடுக்கிக்கொள்ளலாம். மறுபடி கான்கிரீட்டே போட்டால் அந்த வசதி இல்லை.

நிழல்விரும்பி:
ரொம்ப நன்றி. வேர்த்தடுப்புப் பிளாஸ்டிக் தகடு புதைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார், அது உதவுமா? மரத்தையே எடுத்துவிட்டால் தொல்லை தீருமே என்று உறவினர் ஒருவரும் சொல்கிறார்.

மண்வாசம்:
தகடு இளமரத்துக்கு நல்லது, நடும்போதே 2 அடி ஆழத்துக்கு இறக்கி, மேல்விளிம்பு மண்ணுக்கு மேலே கொஞ்சம் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். பெரும்பாலான வேர்கள் மேலே 2 அடிக்குள்தான் ஓடும், உங்களுக்கு அதைப் புதைக்கத் தோண்டுகிற பள்ளமே அத்தனை வேரையும் அறுத்துவிடும்.

மரத்தை எடுத்தாலும் தளம் சரியாகிவிடாது. உள்ளே இருக்கிற வேர்கள் சில வருஷங்களில் மக்கி, அந்த இடமெல்லாம் உள்வாங்கும். களிமண் நிலமாக இருந்தால் மரம் உறிஞ்சிக்கொண்டிருந்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, நிலம் உப்பித் தளத்தை மறுபடி தூக்கவும் செய்யும்.

தளம்மாற்றி:
இன்னொன்று, தோண்டுவதற்கு முன்னால் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கசிகிற இணைப்பு இருந்தால் வேர் அங்கேதான் குவிந்திருக்கும், புதுத் தளம் போடுவதற்குள் அதை அடைத்துவிடுங்கள். சின்ன வேர்களை அறுத்தபிறகு மரத்துக்கு ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், உரம் வேண்டாம். வேலையைக் காற்றுக்காலம் தொடங்குவதற்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள். மரத்தடியைச் சுற்றியுள்ள மண்ணில் வெடிப்பு விடுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். விட்டால் மரத்துக்குக் கீழே யாரையும் நிற்க விடாமல், உடனே மரம் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.