உகாண்டா போறேனுங்க, போய்ட்டு வந்தவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஈரோட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ நான். எங்க சபை மூலமா ஜனவரியில மூணு மாசம் உகாண்டா போறேன். கிராமத்துப் பள்ளியில சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு, சாயந்தரம் பொம்பளைகளுக்குத் தையல்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கிளம்பறதுக்கு 10 நாள் முன்னாடியே போடணும்னு தெரியும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போறேன். என் கவலையெல்லாம் மொழிதானுங்க. அங்க 3ஆம் வகுப்பு வரைக்கும் பெரும்பாலும் உள்ளூர் மொழியிலதான் பாடம், 4ல இருந்துதான் இங்கிலீஷுக்கு மாறுதாம். அந்தப் பக்கத்து மொழி லுகாண்டாவுல ஒண்ணு, ரெண்டு எண்ணக்கூடத் தெரியாம ஒரு பிள்ளை முன்னாடி எப்படி உட்கார்றது?

நான் புளியங்கொட்டை வெச்சுத்தான் கூட்டல் சொல்லிக் குடுத்தவ. பழைய மஞ்சப்பையில அதே கொட்டைகளைக் கழுவிக் காயவெச்சு எடுத்து வெச்சிருக்கேன். விதைன்னு சொல்லி ஏர்போர்ட்டுல எடுத்துருவாங்களா? இல்ல, அங்கயே கெடைக்கற ஏதாவது கொட்டை, கூழாங்கல் போதுமா?

ஆஸ்திரேலியாவுல இருந்து ஈரோட்டுக்கு மிஷனரியா வந்த பிரப் ஐயா பேரை எங்க ஊர் ரோட்டுக்கு இன்னைக்கும் சொல்றோம். அந்த ரோட்டுல நடக்கறப்பல்லாம், நாமளும் ஒரு ஊருக்குப் போய் உதவணும்னு நெனச்சிருக்கேன்.

கம்பாலாவுலயோ சுத்துப்பட்டுலயோ வேலை செஞ்ச நம்ம கோயமுத்தூர், திருப்பூர்க்காரங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. தையல் மிஷின் அங்கயே வாங்கலாமா? தினம் பத்து வார்த்தை லுகாண்டா சொல்லித்தர ஆள் கெடைச்சா இன்னைக்கே ஆரம்பிச்சுருவேனுங்க.