பாஷோவின் வடதிசைப் பயணம்: மெய்யா, புனைவா?

கரையோரன்: 1689இல் சீடர் சோராவுடன் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) வடக்கே நடந்த பயணத்தை ஜப்பானியக் கவிஞர் மாட்சுவோ பாஷோ 'ஓகு நோ ஹோசோமிச்சி' என்ற நூலில் எழுதினார். சோராவின் நாட்குறிப்பு 1943இல் அச்சேறியபோது இரண்டும் பல இடங்களில் முரண்படுவது வெளிப்பட்டது. வழிதவறி இஷினோமாகி துறைமுகத்தை அடைந்ததாகப் பாஷோ சொல்கிறார். சோராவின் குறிப்பில் வழி தவறிய பேச்சே இல்லை. இச்சிபுரி விடுதியில் அடுத்த அறையில் பரத்தையர் இருவர் தங்கியிருந்ததாகவும், அதையொட்டித் தாம் பாடியதைச் சோரா எழுதிக்கொண்டதாகவும் சொல்கிறார். சோராவின் ஏட்டில் அப்பெண்களும் இல்லை, அக்கவிதையும் இல்லை. பயண நூல் என நம்பிப் படித்தவருக்கு இது ஏமாற்றம்தானே?

மூங்கில்காடு: ஏமாற்றம் என்பது நாட்குறிப்பை எதிர்பார்த்தவருக்கு மட்டுமே. பாஷோ பல ஆண்டுகள் செதுக்கிய நூல் அது. அவர் வாழ்நாள் முழுவதும் பயின்ற, பலர் கூடி அடியடியாகத் தொடுக்கும் தொடர்கவிதையில் நிலவுக்கும் காதலுக்கும் உரிய இடங்கள் உண்டு. இச்சிபுரிக் காட்சியை அந்த மரபை வைத்தே படிக்கவேண்டும். யாமதேரா என்ற மலைக்கோயிலில் பாடியதையும் பாருங்கள். சோராவின் ஏட்டில் அது 'மலைக்கோயில். பாறையில் ஊறிப் படியும் சில்வண்டின் குரல்' என்றிருக்கிறது. நூலிலோ மலைக்கோயில் போய், 'அமைதி' வந்து அமர்ந்துவிட்டது. முதல் வடிவமே நின்றிருந்தால் இன்று அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

கரையோரன்: கவிதையைத் திருத்துவது கவிஞரின் உரிமை, அதில் எனக்கு வழக்கில்லை. நடக்காததற்கு உடன் வந்தவரைச் சாட்சியாக்குவது வேறு.

ஆற்றுமணல்: ஒன்று சேர்க்கிறேன். மொகாமி ஆற்றைப் பற்றிய கவிதை, ஓயிஷிதாவில் ஆற்றங்கரை வீட்டுக்காரர் நடத்திய கவியரங்கில் பாடப்பட்டபோது, மழைக்கால நீரைத் திரட்டி ஆறு 'குளிர்ச்சியாக' ஓடுவதாக இருந்தது. விருந்தோம்பியவருக்கு விருந்தினர் சொல்லும் உபசார மொழி அது. பின்னர் அந்த வெள்ளத்தில் படகேறிச் சென்றவர் அச்சொல்லை 'வேகமாக' என்று மாற்றினார். இங்கே திருத்தம்தான் பயணத்துக்கு நெருக்கமானது.

மூங்கில்காடு: அதையேதான் நானும் சொல்ல வந்தேன். சாட்சி விஷயத்துக்கும் ஒரு வார்த்தை: பாஷோ 1694இல் மறைந்தார், நூல் 1702இல் அச்சானது, சோரா 1710வரை உயிரோடிருந்தார்.

கரையோரன்: மறைந்த ஆசானை எந்தச் சீடர் ஐயா பொய்யர் என்பார்? ஆற்றுமணல் காட்டிய கவிதையை ஏற்கிறேன், இச்சிபுரியை ஏற்கவில்லை.