அப்டேட்: கத்திரி கிராஸுக்கு தாய்ச்செடி முடிவாயிடுச்சு

கொல்லையில நாட்டுக் கத்திரிய கிராஸ் பண்ண (ஒரு ரகத்து மகரந்தத்த இன்னொரு ரகத்துப் பூவுல தடவி கலப்பு விதை எடுக்க) எந்தச் செடிய தாயா, அதாவது காய் பிடிக்கிற செடியா, வைக்கிறதுன்னு தை மாசம் கேட்டிருந்தேன்ல, அதான் இது. பெருசா காய்ச்சத வைன்னு பாதி பேர் சொன்னீங்க, அதுலதான் காய்ப்புழு மொத்தமா விழுந்துச்சு. ஓரத்துல நின்ன முள்ளுக்கத்திரி, காய் சின்னதுதான், ஆனா கார்த்திகை மழையில வேர்ல தண்ணி நின்னும் வாடல (திருவையாறு பக்கம் நம்ம மண்ணு களிமண்ணு), அதயே தாயா வச்சாச்சு. மகரந்தத்துக்கு வரிக்கத்திரி. மறுநாள் விரியுற மொட்டா பாத்து சாயங்காலமே மகரந்தப்பையெல்லாம் ஊசியால பிச்சி எடுத்துட்டு பேப்பர் கவர் மாட்டிட்டு காலைல தடவுனேன், சூல்முடி (பூ நடுவுல மகரந்தம் ஒட்டுற நுனி) வெளிய நீட்டிட்டு இருக்குற பூ மட்டுந்தான் புடிக்குது. 9 பூவுல 3 நின்னுச்சு, ஒண்ண அம்மா சாம்பார்ல போட்டுட்டாங்க. மீதி ரெண்டும் விதைக்காக மஞ்சளா பழுக்கட்டும்னு நூல் கட்டி விட்டிருக்கேன்.