டிசம்பரில் தபால் தூக்கியவர்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு வீட்டைப் பற்றி எழுதுங்க

செந்தூல் வேன்:

2019 டிசம்பர் 24. கோலாலம்பூர், செந்தூல் பக்கம் ஒரு பழைய ஃப்ளாட், பிளாக் பேர் வேணாம். ஒரு லிஃப்ட் மாசக்கணக்கா ரிப்பேர், இன்னொண்ணு அன்னைக்குக் காலையில நின்னுச்சு. 13ஏ மாடி. நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும், அது பதினாலாவது மாடி.

வெளிநாட்டுல இருந்து வந்த சின்னப் பெட்டி. அது ஒண்ணுக்காக ஏறினேன். பக்கத்து வீட்ல அச்சு முறுக்கு சுடுற வாசம், இந்த வீட்டுக் கதவுல காகித நட்சத்திரம். ஒரு பாட்டி கிரிலைக் கொஞ்சமா திறந்து பெட்டியை வாங்கினாங்க, ஸ்க்ரீன்ல விரலால ஒரு கோடு போட்டாங்க, கிரிலைச் சாத்தினாங்க. சரி முடிஞ்சதுன்னு திரும்பினேன். "தம்பி"ன்னாங்க. உள்ள போயி ஒரு கத்திரிக்கோல் எடுத்துட்டு வந்து கம்பி இடுக்குல நீட்டுறாங்க. கூர் அவங்க பக்கம், பிடி என் பக்கம். "கண்ணு தெரியலப்பா, கையும் நடுங்குது. நீயே பிரிச்சுக் குடுத்துட்டுப் போறியா? மகன் அனுப்பியிருக்கான்."

கீழ வேன்ல இன்னும் 58 பார்சல். மணி மூணே கால், மழை கறுத்துக்கிட்டு நிக்குது. "நேரமில்ல பாட்டி, பக்கத்து வீட்ல கேளுங்க"ன்னு சொல்லிட்டுப் படியில இறங்கிட்டேன். ரெண்டு மாடி இறங்குற வரைக்கும் கதவு சாத்துற சத்தம் கேக்கல.

அந்த வேலையை விட்டு மூணு வருஷமாச்சு. அந்தக் கத்திரிக்கோல் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. உங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருந்தா எழுதுங்க.

பினாங்கு ஓய்வு:

1979-ல் அஞ்சல் இலாகாவில் சேர்ந்தேன். 1992-ல் இலாகா நிறுவனமாக மாறியது. நான் கடைசிவரை அதே வேலையில்தான் இருந்தேன். தம்பி, உங்களுடையது பார்சல் காலம். என்னுடையது வாழ்த்து அட்டைக் காலம்.

டிசம்பர் பத்து தாண்டினால் சாக்கு சாக்காக வந்து இறங்கும். உறையை ஒட்டாமல் போட்டால் கட்டணம் குறைவு என்பதால் பாதி அட்டைகள் வாய் திறந்தபடியே வரும். அந்த வாய்க்குள் அடுத்தவர் கடிதம் நுழைந்துகொள்ளும். யாரோ ஒருவருடைய மின்சார பில், இன்னொருவருடைய அட்டைக்குள் ஒளிந்துகொண்டு வேறு தெருவுக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொன்றையும் மேசையில் தட்டிப் பார்த்துத்தான் பிரிப்போம். அட்டை ஜிகினா விரல் ரேகைக்குள் இறங்கிவிடும். சோப்புப் போட்டாலும் போகாது. வீட்டில் உட்கார்ந்து சோறு பிசைந்தால் சோற்றிலும் மினுங்கும்.

சொல்ல வந்தது 2004. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணிக்கு மேல் அலை வந்தது. பினாங்கில் மட்டும் ஐம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். என் பாதை தஞ்சோங் பூங்கா. செவ்வாய்க்கிழமை என் பையில் பண்டிகைக்குப் பிந்தி வந்த அட்டைகள் கிடந்தன. கடலோரம் சில வீடுகளுக்கு உறையில் எண் இருக்கிறது, தெருவில் கதவு இல்லை. ஆட்களை ஒரு மண்டபத்தில் தங்க வைத்திருப்பதாகச் சொன்னார்கள். 'ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பியிருக்கலாம். மனம் வரவில்லை, மண்டபத்துக்கே போனேன்.

ஒரு சீன மீனவர் பாயில் உட்கார்ந்திருந்தார். இருபது வருடப் பழக்கம். அட்டையைக் கொடுத்தேன். பிரித்தார், படிக்கவில்லை. பாய் ஓரத்தில் அதைக் கூரை மாதிரி விரித்து நிறுத்தினார். பக்கத்தில் அவருடைய சட்டை, ஐ.சி. (அடையாள அட்டை), கொஞ்சம் பணம், எல்லாம் ஈரம். அது ஒன்றுதான் காய்ந்திருந்தது. "இன்றைக்கும் வேலையா உனக்கு?" என்று மலாயில் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

2010 ஜூலையில் 30 காசுத் தபால்தலை 60 காசானது. அதற்கு முன்பே கைத்தொலைபேசி வந்து அட்டைகள் குறைந்துவிட்டன. அந்த டிசம்பர்தான் எனக்குக் கடைசி டிசம்பர். கையில் ஜிகினா ஒட்டவே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் மகள்:

செந்தூல் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. 58-ன்னு கணக்கு சொல்றீங்க. அந்தப் பாட்டிக்கு வந்தது ஒண்ணு. டேப்பை வெட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

எனக்கு நடந்தது 2022-ல. ஈப்போவுல இருந்து பெரியம்மா நெய் உருண்டை பிடிச்சு பிஸ்கட் டின்ல அனுப்பினாங்க. எந்த கூரியர்னு சொல்ல விரும்பல. நான் வீட்லதான் இருந்தேன். ஹாரன் அடிக்கல, கூப்பிடல. கேட்டுக்கு மேல ஒரு பெட்டி பறந்து வந்து சிமெண்ட்ல டொம்முனு விழுந்துச்சு. அந்தப் பையன் கம்பி வழியா அதைப் போட்டோ எடுத்தான். நிமிர்ந்தான், ஜன்னல்ல நான் நிக்கிறதைப் பார்த்தான். ஒரு செகண்ட் அப்படியே நின்னான். ஒரு வார்த்தை பேசல, ஏறிப் போயிட்டான்.

டின் மூடி கழண்டு உருண்டை அத்தனையும் மாவா கிடந்துச்சு. ராத்திரி பெரியம்மா ஃபோன்ல "நல்லபடியா வந்துச்சாம்மா?"ன்னு கேட்டாங்க. "ரொம்ப நல்லா இருக்கு பெரியம்மா"ன்னேன். எழுபத்து மூணு வயசுல முழங்கால் வலியோட அடுப்படியில நின்னு பிடிச்சது. அந்தப் பொய்தான் எனக்கு இன்னும் உறுத்துது. ஆளில்லாத நேரத்துல போட்டுட்டுப் போனா சரிங்கிறேன். ஆள் இருக்கிற வீட்ல ஏன்?

கெப்போங் கூரியர்:

தங்கச்சி, உங்க கோபம் நியாயம். போட்டது தப்பு, அந்தப் பையனுக்காக நான் வக்காலத்து வாங்க வரல. ஆனா செந்தூல் அண்ணனை ஏன் இதுல இழுக்கிறீங்க? அவர் பதினாலு மாடி ஏறினவரு. கீழ செக்யூரிட்டி கார்டு ரூம்ல வெச்சுட்டுப் போறவங்கதான் நிறைய. அதைச் சொல்ல ஆளில்ல.

வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்கு டிசம்பர் எப்படின்னு தெரியாது. நவம்பர் 11 ஆன்லைன் சேல் பார்சலே முழுசா தீராது. அதுக்குள்ள டிசம்பர் 12 சேல் வந்துடும். அதோட மேலயே கிறிஸ்துமஸ் சாமான் ஏறும். எங்க இடத்துல பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் காசு. ஆள் இல்லன்னு திரும்பக் கொண்டு வந்தா காசு கிடையாது, வண்டி எண்ணெய் நம்ம செலவு. காண்டோ அடுக்குமாடி ஒவ்வொண்ணுலயும் கார்டு ஐ.சி. கேப்பான், பேர் எழுதுவான், லிஃப்ட்டுக்கு அட்டை தட்டணும். வேனை நிறுத்த இடம் கிடையாது, சம்மன் வந்தா நான்தான் கட்டணும். நாலு மணிக்கு கோலாலம்பூர் மழை எப்படின்னு உங்களுக்கே தெரியும். பார்சலுக்குத்தான் பிளாஸ்டிக் போடுவோம், நமக்கு இல்ல.

என் வீடு எதுன்னு கேட்டா, அது வீடே இல்ல, ஒரு கார்டு ரூம். போன வருஷம் 24-ஆம் தேதி ராத்திரி ஒன்பதே முக்கால். மாலையில இருந்து ஒரு பொண்ணு நாலு தடவை ஃபோன் பண்ணிட்டா. கோயிலுக்குப் போட ஆர்டர் பண்ண கவுன். நான் போறப்போ அப்பா காரை ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு நிக்கிறார், அம்மா முன்னால, தம்பி பின்னால. இவ மட்டும் பழைய சுடிதார்ல தெருவிளக்குக்குக் கீழ நிக்கிறா. பையை வாங்கினதும் பல்லாலயே கிழிச்சா. நேபாளி கார்டு தன் டாய்லெட் கதவைத் திறந்து விட்டாரு, உள்ள ஓடினா. வெளிய வந்தப்போ வெள்ளை கவுன், கைப்பக்கம் விலை அட்டை இன்னும் தொங்குது. நான்தான் சொன்னேன். அதைப் பிச்சு என் கையிலயே குடுத்துட்டு கார்ல ஏறிட்டா.

நானும் சர்ச்சுக்குப் போறவன்தான். அன்னைக்கு இன்னும் ஒன்பது பார்சல் பாக்கி. நள்ளிரவுப் பூசை கிடைக்கல. விலை அட்டை வேன் டேஷ்போர்டுல கிடக்கு.

இரவு ஷிஃப்ட்:

நான் தெருவுக்குப் போறவன் இல்ல. கோலாலம்பூர்ல பார்சல் பிரிக்கிற இடத்துல ராத்திரி வேலை. அதனால வீடு இல்ல, ஒரு ஆளைப் பத்தி எழுதுறேன்.

2021 டிசம்பர் 18 வெள்ளம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல கூரை மேல ஆளுங்க உக்காந்திருந்த படத்தை எல்லாரும் பார்த்தோம். எங்க செக்‌ஷன் அபாங் (மலாய் அண்ணன்) ஒருத்தர் வீடு அங்கதான். நாலு நாள் ஆள் வரல, ஃபோன் இல்ல. அஞ்சாவது நாள் ராத்திரி இரவல் டி-சட்டையோட வந்து நின்னாரு. வீட்டுக்குப் போங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. "எந்த வீட்டுக்கு?"ன்னாரு.

அன்னைக்கு லோரியில நனைஞ்சு வந்த சாக்கு குவிஞ்சு கிடந்துச்சு. அதுல ஒரு பெட்டி கசியுது, பிளம் கேக், ரம் வாசம் தூக்குது. அவர் முஸ்லிம், அதைத் தொடல, என்னைக் கூப்பிட்டாரு. நான் எடுத்து எடை போட்டு, சேதம்னு எழுதி, புதுப் பெட்டியில வெச்சேன். கேக்கோட ஒரு அட்டை, மை கலைஞ்சு போயிருந்துச்சு. அதை மட்டும் என் கையில இருந்து வாங்கினாரு. மேசை ஃபேன் முன்னால நைலான் கயிறு கட்டி, துணி மாட்டுற கிளிப்ல மாட்டினாரு. அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது. விடியறப்போ முப்பது நாப்பது அட்டை அந்தக் கயித்துல ஆடுது. நட்சத்திரம், மாட்டுத் தொழுவம், குழந்தை ஏசு. அவர் வீட்ல ஒரு பாய்கூட மிஞ்சல. யாரோட வாழ்த்தையோ திருப்பித் திருப்பிக் காய வைக்கிறாரு.

கெலுகோர் டீச்சர்:

நான் தபால் ஊழியர் இல்லை. அண்ணன் மகளுக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை ஒன்று பிப்ரவரியில் என்னிடமே திரும்பி வந்தது. தப்பு என்னுடையது, வீட்டு எண்ணை விட்டிருந்தேன். உறை முழுக்க மூன்று வேறு கையெழுத்துகள், மூன்று பேர் தேடியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எல்லோருக்கும் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அஞ்சல் குறியீடு. கோலாலம்பூர் என்றால் 50-லிருந்து 60-க்குள் தொடங்கும், பினாங்கு 10-லிருந்து 14-க்குள். அந்த ஐந்து எண் சரியாக இருந்தால், தாமான் (குடியிருப்பு) பெயரில் குழப்பம் இருந்தாலும் கடிதம் சரியான ஊருக்காவது போய்ச் சேரும். ஒரே பெயரில் எத்தனை தாமான் இருக்கிறது நம் நாட்டில்! அடுத்து மாடி. நான்கு ஆகாது என்று 4-ஐ 3ஏ என்றும் 14-ஐ 13ஏ என்றும் கட்டடத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். லிஃப்ட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே எழுதுங்கள், நீங்களாக எண்ணிப் பார்த்து எழுதாதீர்கள்.

பெயர். 'பேபி ஆன்ட்டி', 'சின்னக்கா' என்றெல்லாம் எழுதினால் யார் கண்டுபிடிப்பது? ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஐ.சி. பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. ஐ.சி.யில் உள்ளதையே எழுதி, கைத்தொலைபேசி எண்ணையும் போடுங்கள்.

பலகாரம் அனுப்புவோர், டின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். காதருகே வைத்து ஆட்டினால் சத்தம் வரக்கூடாது, வந்தால் காகிதம் கசக்கி இடைவெளியை அடையுங்கள். பிரிக்பீல்ட்ஸ் மகளுக்கு நடந்ததில் பாதியை அது தடுத்திருக்கும். வெளிநாட்டுக்கு என்றால் மேலே ஒட்டும் சுங்கச் சீட்டில் 'பரிசு' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதுங்கள், எத்தனை என்றும் எழுதுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு இறைச்சி, பழம், விதை எதுவும் வேண்டாம். நாயைக் கட்டுங்கள். தபால் கொண்டு வருபவருக்கு வாசலில் ஒரு போத்தல் தண்ணீர் வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மகள்:

டீச்சர், டேப் ஒட்டித்தான் இருந்துச்சு. பெரியம்மா மூணு சுத்து சுத்தியிருந்தாங்க. அவங்க கட்டினதுல குறை சொல்லாதீங்க.

கெப்போங் அண்ணே, கவுன் பொண்ணு கதையை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அழுதுட்டாங்க. நான் செந்தூல் அண்ணன்கிட்ட கேட்டது கடுமையாத்தான் இருந்துச்சு. ஆனா கேட்டது கேட்டதுதான், வாபஸ் வாங்கல. அண்ணே, அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?

செந்தூல் வேன்:

தெரியும்மா. டீச்சர் சுங்கச் சீட்டுன்னு எழுதினதைப் படிச்சதுல இருந்து அதுதான் ஓடிக்கிட்டு இருக்கு. லிஃப்ட் இல்லாததால படியில நின்னு நின்னு ஏறினேன்ல, ஒன்பதாவது மாடியில மூச்சு வாங்கிக்கிட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சீட்டுல இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு, வீட்ல போடுற கம்பளிச் செருப்பு, ஒரு ஜோடி. அந்த மகன் அளவுகூட எழுதியிருந்தான்.

பிரிக்க நேரமில்லன்னாலும் அதை வாயால சொல்லியிருக்கலாம். நின்ன இடத்துல இருந்தே சொல்லியிருக்கலாம். அவங்க அந்த சிமெண்ட் தரையில வெறுங்காலோடதான் நின்னாங்க.